நண்டோடையில வண்டிய நிறுத்துறவன்

கொஞ்சம் நகந்து உக்காருங்க தம்பி. இந்தக் கூடையப் பாத்து மொகத்தச் சுளிக்காதீங்க, கருவாடுதான். கடிக்காது. வாசம் மட்டும் லேசா வரும். பேட்டை போறதுக்குள்ள பழகிடும். எறங்குறப்ப இத விட்டுட்டுப் போக உங்களுக்கே மனசு வராது பாருங்க.

என்ன வெளிய எட்டி எட்டிப் பாக்குறீங்க? ஸ்டேசனத் தேடுறீங்களா? ஸ்டேசன் கெடையாது தம்பி. மேடை இல்ல, டிக்கெட்டு குடுக்க ஆளு இல்ல, தண்ணிக் கொழா இல்ல. பின்ன ஏன் நடுக்காட்டுல வண்டி நின்னுச்சு, இத்தன பொம்பளைங்க கூடையோட எங்கேந்து ஏறுனாங்க? அதானே கேக்க வர்றீங்க? நிறுத்துனது யாரு தெரியுமா? இந்தா, இந்த வாயி.

பீ...ர்ர்ர்ர்ர்ர்!

எப்புடி? கார்டு விசிலு! நீங்களே தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சிட்டீங்க. அந்தம்மா பாருங்க, தூக்கத்துலேந்து முழிச்சுப் பையத் தேடுது. ஒண்ணுமில்ல பெரியம்மா, தூங்குங்க, பேட்டை இன்னும் வரல. மொறைக்குது. வுடுங்க.

காமிரால்லாம் வெச்சிருக்கீங்க. கொக்கு எடுக்கவா? அது கொக்கு இல்லயா? பூநாரையா? செரி, ஏதோ ஒண்ணு, ஒத்தக் கால்ல நிக்கிது, எங்க பஞ்சாயத்துத் தலைவர் சோமையா ஆபீசருங்க முன்னாடி நிக்கிற மாதிரியே. ஓ, இந்த ரயில் பாதையோட வரலாற எடுக்க வந்தீங்களா? அட, அத மொதல்லயே சொல்றதில்ல? புஸ்தகத்துல தேடுனா வருசம்தான் கெடைக்கும். நடந்தது எங்கிட்ட இருக்கு. அந்தக் காமிராவ இந்தப் பக்கம் திருப்புங்க. எடது கன்னம் எனக்கு நல்லாருக்கும்.

இது வெள்ளைக்காரன் போட்ட லைனு. எதுக்குப் போட்டான்? உப்புக்கு. சன்னலுக்கு வெளிய பாருங்க, இந்தப் பக்கம் பூரா உப்பளம், அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு, தோப்புக்குப் பின்னால கடலு. அவன் குதுரைல வந்து எறங்கிப் பாத்திருக்கான். 'ஏய் மேன், இது என்னா வெள்ளையா? நம்மளவிட வெள்ளையா இருக்கு? எடுத்துட்டுப் போ!' போட்டான் தண்டவாளத்த. உப்பு போன வண்டில மனுசன் சும்மா தொத்திக்கிட்டான், அவ்வளவுதான் வரலாறு. கரி எஞ்சின் காலத்துல உப்பு ஏத்திக்கிட்டுப் போறப்ப அது சத்தம் எப்புடி இருக்கும்ங்குறீங்க? உப்...பு-புளி, உப்...பு-புளி, உப்...பு-புளின்னு இழுத்துக்கிட்டுப் போவுமாம். எறக்கிட்டுக் காலியா வர்றப்ப மொளகா-தண்ணி மொளகா-தண்ணி மொளகா-தண்ணின்னு ஓடியாருமாம். எங்கப்பா பண்ணிக் காட்டுவாரு. இந்தத் தொழிலு எங்களுக்குப் பரம்பரை.

அப்பறம் ஒரு புயலு வந்துச்சு. தண்டவாளத்த அப்புடியே எடுத்து முறுக்குச் சுத்திட்டுப் போயிடுச்சு. நிமுத்திப் போட்டாங்க. அப்பறம் அகலப்பாதை போடுறோம்னு லைன மூடுனாங்க. மூடுனவங்க மறந்துட்டாங்க. பாதைல கருவை மொளச்சு, கருவைல குருவி கூடு கட்டி, அந்தக் குருவிக்குக் கொள்ளுப்பேரனே பொறந்துட்டான். எங்க ஊர்ப் புள்ளைங்க ரயிலுன்னா என்னான்னே தெரியாம வளந்துச்சுங்க. நான்தான் சாயங்காலமானா தண்டவாளத்து மேல நின்னு கூவிக் காட்டுவேன். அதுங்களுக்கு ரயிலுன்னா நானுதான்.

அப்பறம் ஒரு வழியா இந்த வண்டிய வுட்டாங்க. இங்கதான் தம்பி கதையே. வண்டி வுட்டாங்க, ரோடு குறுக்க போற எடத்துல எல்லாம் கேட்டு போட்டாங்க, ஆனா கேட்டு மூட ஆளு போடல. என்ன பண்ணாங்க? மூடுறவனையும் தொறக்குறவனையும் வண்டிலயே ஏத்திட்டாங்க! சிரிக்காதீங்க, சத்தியமா. வண்டி கேட்டுக்கு முன்னாடி நிக்கும். முன்பெட்டிலேந்து ஒருத்தன் எறங்கிப் போயி மூடுவான். ஏறிக்குவான். வண்டி கேட்டத் தாண்டி மறுபடியும் நிக்கும். பின்பெட்டிலேந்து ஒருத்தன் எறங்கிப் போயித் தொறப்பான். ஓடியாந்து ஏறிக்குவான். அப்பறம் வண்டி அடுத்த கேட்டுக்குப் போவும்.

நெனச்சுப் பாருங்க. எங்க நண்டோடைக்கு ஸ்டேசனே கெடையாது, ஆனா வண்டி ரெண்டு தடவ நிக்கும்! ஸ்டேசன் வெச்சிருக்கிற ஊர்ல எல்லாம் ஒரு தடவதான். நாங்க எப்புடி இருந்திருப்போம்? கேட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கிறத முன் நிப்புன்னு சொல்லுவோம், அந்தப் பக்கம் நிக்கிறது பின் நிப்பு. முன் நிப்புல கூடைய ஏத்துறது, நடந்து கேட்டத் தாண்டிப் போயி, பின் நிப்புல நாம ஏறிக்கிறது. நடுவுல ஒரு டீ. வடக்குத் தெருக்காரன் முன் நிப்புதான் ஒரிஜினல் ஸ்டேசன்னான், தெக்குத் தெருக்காரன் பின் நிப்புன்னான், அதுக்கு ஒரு சண்ட. டீக்கடைக்காரன் ஒரு பலகைல 'நண்டோடை சந்திப்பு'ன்னே எழுதி மாட்டிட்டான். என்னடா சந்திக்கிதுன்னு கேட்டா, ரயிலும் எங்கடை டீயும்னான்.

எந்தங்கச்சி கமலவேணி அப்பல்லாம் சொகமா யாவாரம் பாத்துச்சு. எங்களுக்கு அப்பா அம்மா இல்ல தம்பி, வீட்ல நானும் அதும்தான். கருவாடு காயப் போடுறது நானு, பேட்டைச் சந்தைக்குக் கொண்டுபோயி விக்கிறது அது. இந்தக் கூடைங்க எல்லாம் இந்த ரயில நம்பித்தான். பஸ்ஸுல ஏத்த மாட்டான். கண்டக்டர் மூக்கப் பொத்திக்கிட்டு 'எறங்கு எறங்கு எறங்கு'ம்பான். ரயில் நின்னாத்தான் எங்க ஊர்ல அடுப்பு எரியும்.

இப்புடி நல்லா போயிக்கிட்டிருந்தப்ப பக்கத்து ஊரு கரப்பங்காட்டுக்கு மட்டும் ஒரு கேட் கீப்பரப் போட்டுட்டாங்க. தனி ரூமு, போனு, பச்சைக் கொடி, செவப்புக் கொடி. எங்களுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவனுங்க என்ன எங்களவிட ஒசத்தியா? ஆபீசரு ஒருத்தரு லைனப் பாக்க வந்தாரு. தலைவர் சோமையா ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு, 'அய்யா, ஹிஹி, வந்து, நாங்க, ஹிஹி'ங்கிறாரு. எனக்குப் பொறுக்கல. கூட்டத்த வெலக்கிக்கிட்டுப் போயி, தேர்தல் மேடைக் கொரலு இருக்குல்ல, அத எடுத்து வுட்டேன்: 'கரப்பங்காட்டு மக்களுக்குக் காவல்! நண்டோடை மக்களுக்குக் காற்றா? எங்கள் கேட்டுக்கு ஒரு கீப்பர் கிடையாதா? நாங்கள் மனிதர்கள் இல்லையா?' ஊரே கை தட்டுச்சு. ஆபீசரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டாரு.

பாவி, கேட்டதக் குடுத்துட்டாரு தம்பி.

இந்த ஆபீசருங்களே இப்புடித்தான். நாம ஒரு பேச்சுக்குக் கேப்போம், அவங்க நெசம்னு நெனச்சிடுவாங்க.

ரூமு கட்டுனாங்க, போனு போட்டாங்க, சிக்னல் கம்பம் நட்டாங்க. அதுல ஒரு கணக்கு இருக்கு, கேட்டுக்குங்க: கேட்ட மூடிப் பூட்டி சாவியத் திருப்புனாத்தான் சிக்னல்ல பச்சை எரியும். கேட்டு தொறந்திருந்தா செவப்புதான். செவப்புன்னா வண்டி நின்னே ஆவணும். புரியுதுங்களா? செரி.

கீப்பரு வந்து எறங்குனான். உத்திராபதின்னு பேரு. ஒரத்தநாட்டுப் பக்கத்து ஆளு, பட்டாளத்துலேந்து வந்தவன். மீச இருக்கும், பேச்சு இருக்காது. தாரை தப்பட்டையோட போயி மாலை போட்டோம். நானே தூக்கிக்கிட்டு வந்தேன் மாலைய. மக்யா நாளு காலைல கூடைங்களோட ஊரே போயி முன் நிப்புல நின்னுச்சு. கேட்டு மூடியிருக்கு. பச்சை எரியுது. உத்திராபதி கொடியப் புடிச்சிக்கிட்டு செல மாதிரி நிக்கிறான். வண்டி வந்துச்சு பாருங்க...

தடதடதடதடதட... டப்புன்னு போயிடுச்சு!

நிக்கவே இல்ல. ஏன் நிக்கணும்? மூடத்தான் ஆளு இருக்கே! தொறக்கத்தான் ஆளு இருக்கே! கூடைங்க தரைல, நாங்க பக்கத்துல, வாயத் தொறந்தபடி. அந்தக் காத்துல கூடைலேந்து ஒரு நெத்திலி பறந்து போயி உத்திராபதி மீசைல ஒட்டிக்கிச்சு. அவன் அசையல. வண்டி போன பெறகு கேட்டத் தொறந்துட்டு, நெத்திலிய எடுத்து எங்கிட்ட குடுத்தான். 'உங்களுது'ன்னான். அதான் அவன் எங்கிட்ட பேசுன மொதப் பேச்சு.

ஊரே என்னப் பாத்துச்சு. ஏன் என்னப் பாத்துச்சுன்னு எனக்கு இன்னிய வரைக்கும் தெரியல. மாலை போட்டதுக்கா இருக்கும்.

அன்னிக்கே முடிவு பண்ணோம். இந்த ஆளக் கெளப்பணும். இவன் போனா மறுபடியும் ஆளில்லாத கேட்டு, மறுபடியும் முன் நிப்பு பின் நிப்பு. ஆனா எப்புடிக் கெளப்புறது? அடிக்க எங்க ஊருக்கு வராது. திட்டலாம்னா, அந்தாளு எதுக்குமே கோவப்பட மாட்டேங்கிறான். பொறுப்ப நான் எடுத்துக்கிட்டேன். மத்தியானம் சவுக்குத் தோப்புல ஒளிஞ்சுக்கிட்டு ரயிலு மாதிரி கூவுனேன். பாஆஆஆம்! அவன் பதறிப் போயி கேட்ட மூடுவான், வண்டி வராது, ரோட்டுல நிக்கிறவன் புகார் குடுப்பான், இதான் திட்டம். அவன் ரூமுலேந்து எட்டிப் பாத்தான், கடிகாரத்தப் பாத்தான், மறுபடி உள்ள போயிட்டான். கேட்டு தொறந்தே கெடக்கு. ஆனா ரோட்டுல வந்த பஸ்ஸு நின்னுடுச்சு தம்பி! டிராக்டர் நின்னுடுச்சு. மாட்டு வண்டி நின்னுச்சு. கேட்டு தொறந்திருக்கு, அத்தன பேரும் வராத ரயிலுக்காக நிக்கிறாங்க. பஸ்ஸு டிரைவர்ட்ட கேட்டா, 'பக்கிரி, நீதான் கூவுறேன்னு தெரியும். ஒருவேள நெஜ ரயிலா இருந்துட்டா?'ங்கிறான். புகார் குடுத்தாங்க. எம்மேல.

அப்பறம் அவன மாதிரி நடந்து காட்டுனேன். கேட்டு முன்னாடியே, கூட்டத்த வெச்சுக்கிட்டு, கொடியப் புடிச்சு, மீசைய முறுக்கி, டக்கு டக்குன்னு. எல்லாரும் வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க. உத்திராபதி வெளிய வந்து பொறுமையாப் பாத்தான். பாத்துட்டு, 'எடது கால் சரியா வரல. முட்டில கம்பி வெச்சிருக்கு, மடங்காது. மடக்காம நடந்து பாருங்க'ன்னான். நடந்தேன். 'இப்ப சரி'ன்னுட்டு உள்ள போயிட்டான். இப்ப சொல்லுங்க, இப்புடிப்பட்ட ஆள என்ன பண்ணுறது? அன்னிக்குன்னு பாத்து எந்தங்கச்சி எங்கிட்ட பேசவே இல்ல. சோத்த வெச்ச சத்தத்துலயே கோவம் தெரிஞ்சுது. பொம்பளைங்க மனசு யாருக்கு வெளங்குது?

கடேசில ஒரு நல்ல யோசனை வந்துச்சு. கீப்பரு தூங்குனா வேலை போயிடும்ல? ராவும் பகலும் ஒருத்தன் முழிச்சுக்கிட்டே இருக்க முடியுமா? எப்ப தூங்குறான்னு கண்டுபுடிக்கணும். நான் போனா உசாராயிடுவான். கமலாகிட்ட சொன்னேன், 'ஏ புள்ள, நாளைலேந்து அந்தாளுக்கு மத்தியானம் சோறு கொண்டு போயிக் குடு. போறப்ப தூங்குறானான்னு பாத்துட்டு வா.' மொதல்ல மாட்டேன்னுச்சு. நான்தான் வற்புறுத்துனேன். அனுப்பிச்சேன்.

'தூங்குனானா?'ன்னு கேட்டேன். 'இல்லண்ணே'ன்னுச்சு.

மறுநாள் மீன் கொழம்பு போச்சு. 'தூங்குனானா?' 'இல்லண்ணே.' நண்டு வறுவல் போச்சு. 'இல்லண்ணே.' எங்க வீட்ல எனக்கு ரசம், அங்க எறா. ஏன் புள்ளன்னா, 'நல்லா சாப்புட்டாத்தானேண்ணே தூக்கம் வரும்?'ங்குது. அறிவுன்னா எந்தங்கச்சிக்குத்தான்னு நானே ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். மழைக்காலம் வந்துச்சு, மழைலயும் கொட போட்டுக்கிட்டுப் போவும். ஒரு நாள் கூட நிறுத்துல. எடுத்த காரியத்துல அப்புடி ஒரு புடிப்பு. ஆனா அந்தப் பய தூங்கவே இல்ல.

செரி, இது ஆவாதுன்னு தலைவரு ஒரு வழி சொன்னாரு. 'பக்கிரி, ஹிஹி, அவனுக்குக் கல்யாணம் ஆவல. தூரத்து ஊர்ல ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வெச்சிட்டா, ஹிஹி, மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிடுவான்ல?' அடடா! மன்னார்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, தலைவருக்கு ஒறவு. போட்டோவ எடுத்துக்கிட்டு நான்தான் போனேன். பட்டாளத்துக் கொரல்லயே சொன்னேன்: 'உத்திராபதி! அட்டேன்சன்! கல்யாணத்துக்குத் தயாராகு!'

போட்டோவ வாங்கிப் பாக்கவே இல்ல. 'எனக்குப் பொண்ணு பாத்தாச்சு'ன்னான்.

'அட, எந்த ஊரு?'ன்னேன். தூரமா இருக்கணுமேன்னு கவலை எனக்கு.

'நண்டோடை.'

'நண்டோடைல யாரு?'

'உங்க தங்கச்சி.'

தம்பி, என் வாய் அடைச்சுப் பாத்திருக்கீங்களா? யாரும் பாத்ததில்ல. அன்னிக்கு அடைச்சுது. வேவு பாக்க அனுப்புன ஆள எதிராளி கட்டிக்கிறேங்கிறான்! வீட்டுக்கு ஓடி வந்து, 'ஏ புள்ள, அந்தாளு என்னமோ ஒளறுறான்'ன்னா, இது கருவாட்டத் திருப்பிப் போட்டுக்கிட்டே, 'ஒளறலண்ணே'ங்குது.

நீங்க என்னத் தப்பா நெனைக்கக் கூடாது. தங்கச்சிக்கு மாப்ள பாக்காம இருந்தவன் இல்ல நானு. எத்தன பேரு வந்தாங்க! வர்றவங்கள எல்லாம் கலகலப்பா வெச்சுக்கணும்ல? ஒருத்தன் பஜ்ஜிய ஊதி ஊதித் தின்னான், அது மாதிரியே தின்னு காட்டுனேன், எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஒருத்தங்கப்பா மூக்கால பேசுனாரு, நானும் மூக்காலயே பதில் சொன்னேன், அவங்களும் போயிட்டாங்க. சிரிக்கத் தெரியாத குடும்பத்துல எப்புடிப் பொண்ணக் குடுக்கிறது? அதான் தட்டிக்கிட்டே போச்சு. அதுக்காக கேட்டு மூடுறவனுக்கா?

கமலா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு. 'அண்ணே, நீ அவர மாதிரி நடந்து காட்டுனப்ப எல்லாரும் சிரிச்சாங்க. அவரு மட்டும்தான் உனக்குச் சரியா நடக்கச் சொல்லிக் குடுத்தாரு. நான் அவரத்தான் கட்டிக்குவேன். இனிமே நீ யார மாதிரி வேணா பேசிக் காட்டிக்க.'

நான் நடந்து காட்டுனதுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்னே எனக்குத் தெரியல. ஆனா ஒத்துக்கிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். உத்திராபதியக் கூப்ட்டு, 'மாப்ள, பரிசம் வேணாம், பணம் வேணாம். நண்டோடைல வண்டி நிக்கணும். அது உன்னால முடியும்'னேன். அவன் ரொம்ப நேரம் கேட்டையே பாத்துக்கிட்டு நின்னான். 'கேட்டு மூடியிருந்தா வண்டி நிக்காது மச்சான். அதான் ரூல்'னான். பாத்தீங்களா? மச்சான்னு ஆசையாக் கூப்புடத் தெரியுது, மச்சான் கேட்டதச் செய்யத் தெரியல. கட்டுன வேட்டியோட கல்யாணத்த முடிச்சேன், மனசு மட்டும் ஆறல.

அப்பத்தான் முடிவெடுத்தேன். இவன நம்பிப் பிரயோசனம் இல்ல, நானே நிறுத்துறேன். கல்யாணம் முடிஞ்சு மறுவாரம், கூடைங்களோட பொம்பளைங்க எல்லாரும் பழையபடி போயி நின்னாங்க, கமலாவும் நின்னுச்சு. நான் தண்டவாளத்து ஓரமா நின்னு, மூச்ச நல்லா இழுத்து, கார்டு விசில வுட்டேன்.

பீ...ர்ர்ர்ர்ர்ர்!

நின்னுச்சு தம்பி! கிறீச்ச்சுன்னு நின்னுச்சு! எனக்கே மயிரு கூச்செறிஞ்சுது. பொம்பளைங்க கொலவ போட்டாங்க. அன்னிலேந்து தெனம் நான் விசிலடிக்கிறேன், தெனம் வண்டி நிக்கிது, தெனம் கூடை ஏறுது.

ஆனா ஒண்ணு சொல்லணும். கல்யாணம் ஆனதுலேந்து எம்மாப்ள கெட்டுப் போயிட்டான். பட்டாளத்துல இருந்தவனா இவன்னு ஆயிடுச்சு. நேரத்துக்குக் கேட்ட மூட மாட்டேங்கிறான்! வண்டி வர்ற நேரத்துக்குத்தான் செருப்பக் காணும்பான். ஒரு நாளு கேட்டுக்கு நடுவுல ஆடு நிக்கிதும்பான், பாத்தா அது எங்க வீட்டு ஆடு. சாவியக் காணும்பான், சட்டைப் பைலதான் இருக்கும். நான் அங்க உசுரக் குடுத்து வண்டிய நிறுத்திக்கிட்டு இருக்கேன், இவன் இங்க பாதி கேட்டப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். சிக்னலு செவப்பாவே கெடக்கும். கடேசிக் கூடை ஏறுனப்பறம்தான் மெதுவா மூடுவான். மேலேந்து மெமோ மேல மெமோ வருது. வாங்கி மடிச்சு வெச்சிக்கிறான். வெக்கம் வேணாம்?

பொறவு அந்த ஆபீசரே வந்துட்டாரு, நான் பேசி கண்ணாடியத் தொடச்சுக்கிட்டாரே, அவருதான். நண்டோடைல ஏன் தெனம் வண்டி நிக்கிதுன்னு மேல கேக்குறாங்களாம். கேட்டு ரூமு வாசல்ல நாக்காலி போட்டு உக்காந்தாரு. ஊரே சுத்தி நின்னுச்சு. கமலா அப்ப முழுகாம இருந்துச்சு, ஏழாம் மாசம், கூடையோட ஓரமா நின்னுச்சு.

'உத்திராபதி, கேட்ட லேட்டா மூடுறியாமே. உன்ன வடக்க எங்கயாச்சும் மாத்திடட்டுமா?'ன்னாரு.

ஒரு காலத்துல இவனக் கெளப்பத்தானே அத்தன கூத்து அடிச்சோம்? இப்ப இவன் போனா எந்தங்கச்சியும்ல போயிடும்? வீட்ல நான் யார மாதிரி பேசிக் காட்டுறது, செவுத்துக்கிட்டயா?

இந்தப் பய என்ன சொன்னான் தெரியுமா? விறைப்பா நின்னுக்கிட்டு, 'ஆமா சார். என் தப்புதான். வண்டி நிக்கிறதுக்கு நான்தான் காரணம்'ங்கிறான்!

வந்துச்சு பாருங்க எனக்கு கோவம். நாயா பேயா தெனம் தொண்ட கிழிய விசிலடிக்கிறவன் நானு. பேரு இவனுக்கா? கூட்டத்த வெலக்கிக்கிட்டுப் போனேன். 'சார், பொய்யி! நம்பாதீங்க! இவன் கேட்டையே ஒழுங்கா மூடத் தெரியாதவன். வண்டிய நிறுத்துறது நானு. இந்த வாயி!'

ஆபீசரு என்ன ஏற எறங்கப் பாத்தாரு. 'நீயா?'

'மச்சான், சும்மா இருங்க'ன்னான் உத்திராபதி. கண்ணால வேற சைகை காட்டுறான். பாத்தீங்களா, பேரத் தட்டிக்கிட்டுப் போறதுல எவ்வளவு குறி!

'நீ சும்மா இரு மாப்ள! சார், இப்ப வண்டி வர்ற நேரம். நிறுத்திக் காட்டுறேன். நிக்கலன்னா என்னத் தூக்கி வடக்க போடுங்க.'

ஆபீசரு முன்னாடிங்கிறதால அன்னிக்கு மட்டும் எம்மாப்ள கேட்ட நேரத்துக்கு மூடிட்டான். சிக்னலு பச்சையா எரியுது. தூரத்துல வண்டி வருது. கமலா வயித்தப் புடிச்சுக்கிட்டு உத்திராபதியப் பாக்குது, உத்திராபதி தரையப் பாக்குறான், தலைவரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. ஊருல ஒருத்தர் மொகத்துலயும் ரத்தமில்ல. நான் ஒருத்தன்தான் தைரியமா நின்னேன். மூச்ச இழுத்தேன். என் வாழ்நாள்ல அப்புடி ஒரு விசிலு அடிச்சதில்ல.

பீ...ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!

நின்னுச்சு தம்பி. பச்சை எரியுது, கேட்டு மூடியிருக்கு, வண்டி நின்னுச்சு! ஆபீசரு நாக்காலிலேந்து எந்திரிச்சிட்டாரு.

எஞ்சின்லேந்து டிரைவரு மிஸ்ரா எட்டிப் பாத்தாரு. வடக்கத்தி ஆளு, தங்கமான மனுசன். ஆபீசரு கத்துறாரு, 'பச்சைல ஏன்யா நிறுத்துன?' மிஸ்ரா சொல்றாரு: 'சார், இங்க தினம் ரெட்டு. ரோஜ் ரெட்டு. இன்னைக்கு கிரீன். எப்பிடி கிரீன்? சிக்னல் கெட்டுப் போச்சி நெனைச்சேன். எனக்கு பயம் ஆச்சி. பிரேக் போட்டுட்டேன்.'

பாவம். ஒரு கருவாட்டு யாவாரி வாயால அடிச்ச விசிலுக்கு நின்னுட்டோம்னு சொல்ல அவருக்கு வெக்கமா இருக்காதா? எதையோ சொல்லிச் சமாளிச்சாரு. நானும் பெருந்தன்மையா வுட்டுட்டேன்.

ஆபீசரு மிஸ்ராவப் பாத்தாரு. உத்திராபதியப் பாத்தாரு. அந்த மடங்காத காலப் பாத்தாரு. இந்தச் சந்தடியில கெடச்சுது நேரம்னு பொம்பளைங்க கடகடன்னு கூடைய ஏத்துறாங்க, அதயும் பாத்தாரு. அப்பறம் சத்தமாக் கேட்டாரு: 'யாருய்யா வண்டிய நிறுத்துனது?'

ஊரே ஒரே கொரல்ல சொல்லுச்சு, 'பக்கிரிதான் சார்!' வண்டிக்குள்ளேந்து பொம்பளைங்க, 'எங்க பக்கிரி அண்ணன்தான் சார்!' எல்லாரயும்விட சத்தமாச் சொன்னது கமலாதான்: 'எங்கண்ணன் வாய்க்கு வண்டி என்ன சார், பெய்யுற மழையே நிக்கும்!' எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எத்தன வருசமா இந்த வாயி, ஒரு நாளாச்சும் இப்புடி ஒரு மரியாத கெடச்சிருக்கா?

'அப்ப இவன் பேரையே எழுதிக்கிறேன்'ன்னாரு ஆபீசரு. 'பெருசா எழுதுங்க சார்'னேன். உத்திராபதிய ஒண்ணும் பண்ணல, 'கேட்ட ஒழுங்கா மூடுய்யா'ன்னதோட சரி. என்னத்தான் பேட்டைக்குக் கூட்டிக்கிட்டுப் போயி ரயில்வே போலீசு பெஞ்சுல சாயங்காலம் வரைக்கும் உக்கார வெச்சாங்க. நல்ல பசங்க. ஏட்டு மாதிரி பேசிக் காட்டுனேன், எஸ்.ஐ. டீ வாங்கிக் குடுத்தாரு. எஸ்.ஐ. மாதிரி பேசிக் காட்டுனேன், ஏட்டு வடை வாங்கிக் குடுத்தாரு.

சாயங்காலம் எம்மாப்ள வந்தான், கால இழுத்துக்கிட்டு, கைல தூக்குச் சட்டி. நண்டு வறுவலு. பக்கத்துல உக்காந்து, 'தேங்ஸு மச்சான்'னான். எதுக்குடா தேங்ஸு, எம்பேரத் திருட வந்தவன்தானே நீன்னேன். சிரிச்சான் தம்பி. அவன் சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான். மொதல்ல மீச சிரிச்சுது, அப்பறம்தான் அவன். இன்னைக்கு வரைக்கும் அந்தச் சிரிப்ப மட்டும் எனக்குப் பண்ணிக் காட்ட வரல. முயற்சி பண்ணிக்கிட்டிருக்கேன்.

கொழந்தயா? ஆம்புளப் புள்ள. அழுதா வண்டி ஹாரன் மாதிரியே இருக்கும். தாய் மாமன் வாயி. அவன் பொறந்ததுலேந்து கமலாவுக்குப் பதிலா சந்தைக்குக் கூடையத் தூக்கிக்கிட்டுப் போறது நானுதான்.

இந்தா, பேட்டை வந்துடுச்சு. அந்தக் கூடைய ஒரு கை புடிங்க... ஆங், அப்புடித்தான், பழகிடுச்சு பாத்தீங்களா? காமிரால எல்லாம் பதிஞ்சுதுல்ல? ஒண்ணச் சொல்ல மறந்துட்டேன், அதயும் சேத்துக்குங்க. போன வாரம் எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. காத்துதான் வருது, சத்தமே இல்ல. இன்னிக்குத் தொலஞ்சோம்னு நெனச்சுக்கிட்டே தண்டவாளத்து ஓரமா நின்னு வாயத் தொறந்தேன். தொறந்தபடியே நின்னேன். வண்டி வந்துச்சு, என் மூஞ்சியப் பாத்துச்சு, நின்னுடுச்சு! சத்தமே இல்லாம! அந்த அளவுக்குப் பழக்கி வெச்சிருக்கேன்.

எம்மாப்ள அன்னிக்கும் கேட்டப் பாதி மூடிட்டு, புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு செருப்பத் தேடிக்கிட்டு நிக்கிறான். கால்லதான் போட்டிருக்கான். இவன நம்பியிருந்தா எங்க ஊரு என்னத்துக்கு ஆவும், நீங்களே சொல்லுங்க.